உள்ளங்கையில் ஊற்றிய ரசம்

போடிநாயக்கனூர்
10-1-1957, வியாழன்

அன்பு மகன் பொன்னுமணிக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் ஆத்தாவும் கடையில் வேலை செய்கிறவர்களும் கொல்லையில் நிற்கிற பசுமாடும் சாமி புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, தலைவலி காய்ச்சல் என்று எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும், எங்கள் வேண்டுதல் எல்லாம் அதுதான். உன் தங்கை செல்லக்கிளிக்கு இது ஏழாம் மாதம், தை கடைசியில் வளைகாப்புப் போட்டு இங்கே அழைத்து வரப் போகிறோம். தேவாரத்தில் அவள் மாமனார் தோட்டத்தில் போன வாரம் யானை இறங்கி வாழையை எல்லாம் முறித்துப் போட்டுவிட்டது, ஆனாலும் மாப்பிள்ளை அசருகிற ஆள் இல்லை, மறுநாளே புதுக் கன்றுக்குக் குழி வெட்டிவிட்டாராம். பம்பாயில் குளிர் என்று நீ எழுதியதைக் கேட்டதிலிருந்து உன் ஆத்தா கம்பளி வாங்கச் சொல்கிறாள், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்கிறாள், ஈரத் தலையோடு வெளியே போகாதே என்கிறாள். எழுதிவிட்டேன், அவளுக்குப் படித்தும் காட்டிவிட்டேன், இனி அவள் பாடு உன் பாடு.

உன் கவர் திங்கட்கிழமை வந்தது. மூன்று தரம் படித்தேன். நீ வேலை செய்கிற சாப்பாட்டுக் கடையில், கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் தரை வழுக்குகிறது என்று நீயே இரண்டு தரம் முதலாளியிடம் சொல்லியும் அவர் சரி செய்யவில்லை, சாப்பிட்டு எழுந்த ஒருவர் அங்கே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார், இப்போது முதலாளி, தரை உலர்ந்துதான் இருந்தது, அவர்தான் பார்க்காமல் ஓடி விழுந்தார் என்று ஒரு காகிதம் எழுதி வைத்துக்கொண்டு, பந்தியைப் பார்த்துக்கொள்கிறவன் நீதான், நீ கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் ஜனவரிக் கடைசியோடு மூட்டையைக் கட்டு என்கிறார். போடட்டுமா வேண்டாமா, நீங்கள் இருபது வருஷம் கடை நடத்தியவர், நீங்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால், இரண்டு மாசமாக உனக்கு எழுதாமல் நான் மறைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தேன், இப்போது சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருக்கிறது, இரண்டும் எப்படிச் சேர்ந்து வந்தது என்று நீயே படித்துப் பார்.

போன ஐப்பசியில் மெட்டுக்கு ஏறுகிற மலை ரோட்டில் மண் சரிந்து மூன்று நாள் ஜீப்பு ஒன்றுகூட இறங்கவில்லை. நாலாம் நாள் வழி விட்டதும் மலையில் இருந்த தோட்டக்காரர், கூலியாள், தரகர் எல்லோரும் ஒரே மூச்சாகக் கீழே இறங்கி நம் கடையில் வந்து உட்கார்ந்தார்கள். நம் ரசம் எப்படி என்று உனக்குத் தெரியும். உன் ஆத்தா காலையிலேயே கூட்டி இறக்கிவிடுவாள், பந்திக்கு வருகிறபோது கை பொறுக்கிற சூடுதான் இருக்கும். அதனால்தான் இந்த ஊரில் ரசத்துக்கு யாரும் டம்ளர் கேட்பதில்லை, உள்ளங்கையைக் குழித்து நீட்டுவார்கள், நாம் ஊற்றுவோம், உறிஞ்சிவிட்டு இன்னொரு கை என்பார்கள். டம்ளர் கேட்டால் அவன் வெளியூர்க்காரன் என்று அர்த்தம். அன்றைக்கு வந்த கூட்டத்துக்கு இரண்டாம் பந்தியிலேயே ரசம் தீர்ந்து போயிற்று, உன் ஆத்தா அவசரமாக இன்னொரு பானை கூட்டினாள், அதை நான் வாளியில் மொண்டுகொண்டு வெளியே வந்தேன். இப்பத்தான் எறக்குனது, யாருக்கும் கையில ஊத்திறாதீக, டம்ளர்ல குடுங்க என்று அடுப்படியிலிருந்து சத்தமாகச் சொன்னாள். நான் அந்த நேரத்தில் மதுரையிலிருந்து வந்த ஒருவரிடம், இந்த ரசத்துக்காகவே மெட்டிலிருந்து இறங்கி வருகிறவர்கள் உண்டு என்று பீற்றிக்கொண்டிருந்தேன். ஏலக்காய்த் தரகர் மொக்கச்சாமி வழக்கம்போலக் கையை நீட்டினார். பேச்சு மும்முரத்தில் ஊற்றிவிட்டேன்.

அவர் மூச்சை உள்ளே இழுத்தார். கையை உதறியபோது இலை கிழிந்தது. உள்ளங்கை முழுவதும், விரல் அடி வரைக்கும், கண்ணெதிரே சிவந்து கொப்பளித்தது. அப்போது உன் அப்பா செய்ததைக் கேள். கையை நீட்டுற மனுசன் சூடு பாத்து நீட்ட வேண்டாமா, ஆவி பறக்குறது கண்ணுக்குத் தெரியலையா என்று அவரிடமே கேட்டேன். பக்கத்து இலையில் இருந்த நாலைந்து பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். முதலாளி பேசினால் ஆமாம் போட எந்தக் கடையிலும் ஆள் கிடைக்கும். உன் ஆத்தா இந்த இருபது வருஷத்தில் பந்தி நடக்கும்போது வெளியே வந்தவள் இல்லை. அன்றைக்கு ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்து, அவர் கையைப் பிடித்து அதற்குள் விட்டு, குதிரை வண்டி வருகிற வரைக்கும் எடுக்கவிடாமல் பக்கத்திலேயே நின்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, டம்ளர்ல குடுக்கச் சொன்னேன்ல என்றாள், அவ்வளவுதான். என் காதில் விழவில்லை என்றேன். அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பொய். எனக்கு நன்றாகக் கேட்டது, பொன்னுமணி.

ஆஸ்பத்திரியில் மருந்து வைத்துக் கட்டிவிட்டார்கள், ஒரு மாசத்துக்குக் குறையாமல் ஆகும் என்று டாக்டர் சொன்னார். நான் கடைக்காரன் புத்தியில், ஒரு தட்டில் பழமும் அல்வாவும் வைத்து, ஆறுகிற வரைக்கும் நம் கடையில் உங்களுக்குச் சாப்பாடு சும்மா என்று சொல்லி அனுப்பினேன். அதோடு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் அவர் சம்சாரம் கருப்பம்மாள் அந்தத் தட்டைக் கொண்டுவந்து கல்லாவில் வைத்தது. சோத்துக்குக் கொறையில்லண்ணே, வர்ற வியாழக்கிழமை கிட்டங்கி வாசல்ல அவுகளுக்குக் கை வேணும், அதைக் குடுங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விட்டது. எனக்குக் கோபம் வந்தது. உன் ஆத்தாவுக்கு வரவில்லை. அந்தப் பொம்பளை கேட்டதுதேன் சரி, ஒரு ஆளு கையப் பொசுக்கிட்டு அல்வாக் குடுத்தா எப்படி, அந்தக் கை நாள் முழுக்க என்ன சோலி பாக்கும்னு மொதல்ல விசாரிங்க என்றாள். இருபது வருஷமாக அவர் கையில் ரசம் ஊற்றியிருக்கிறேன், அந்தக் கை என்ன வேலை செய்கிறது என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன். வியாழக்கிழமை மலையிலிருந்து சின்னத் தோட்டக்காரர்கள் ஏலக்காய் மூட்டையோடு இறங்கினால், சரக்கு அடுக்கி வைக்கிற கிட்டங்கி வாசலில் தங்கள் தரகரிடம் ஒப்படைப்பார்கள். வியாபாரிகள் ஒவ்வொருவராக வந்து, துண்டுக்கு அடியில் தரகர் கையைப் பிடித்து, விரலை அழுத்தித் தன் விலையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாது. யார் அதிகம் சொன்னாரோ அவருக்குச் சரக்கு. எல்லாம் வலது கைதான். இடது கையை நீட்டினால் வியாபாரி அதை அவமானமாக எடுத்துக்கொண்டு போய்விடுவார். மொக்கச்சாமிக்குப் பிள்ளை இல்லை. ஊரில் அந்த விரல் பாஷை தெரிந்தவர்கள் எல்லோரும் ஒன்று வியாபாரியின் ஆள், இல்லாவிட்டால் வேறு தரகரின் ஆள். பறிப்பு நடக்கிற இந்த நாலு மாசம்தான் அவர் பிழைப்பு, இரண்டு வியாழக்கிழமை அவர் வாசலில் நிற்காவிட்டால் தோட்டக்காரர்கள் வேறு தரகரிடம் போய்விடுவார்கள், போனவர்கள் திரும்ப மாட்டார்கள். இதைக் கேட்டதும் உன் ஆத்தா என்னைப் பார்த்தாள். பாயசத்துக்குத் தவிர ஏலக்காயைத் தொட்டறியாத ஒரே ஆள் இந்த ஊரில் நான்தான்.

மொக்கச்சாமி வீட்டுக்குப் போய், உங்கள் கைக்குப் பதிலாக என் கை நிற்கட்டுமா என்று கேட்டபோது முதலில் ஒப்பவில்லை. அப்புறம் வேறு வழி இல்லாமல் ஒப்பினார். ஆறு நாள் அவர் வீட்டில் உட்கார்ந்து அந்தப் பாஷையைப் படித்தேன். எந்த விரலை எத்தனை தரம், நுனியா கணுவா என்று அவர் வாயால் சொல்வார், நான் வீட்டுக்கு வந்து உன் ஆத்தாவை வியாபாரியாக நிற்க வைத்துப் பழகுவேன். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு துண்டுக்குள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதில் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. என் கையில் பெருங்காய வாசனை அடிக்கிறது, ஏலக்காய்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள் என்று சீயக்காய் போட்டுத் தேய்த்துவிட்டாள். இன்னொரு சிக்கல், வியாபாரி என் கையில் சொல்கிற விலை அந்த இடத்திலேயே மொக்கச்சாமிக்குத் தெரிய வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. அதற்கு அவரே ஒரு வழி சொன்னார். நாங்கள் இருவரும் ஒட்டி நிற்பது, வேட்டியைத் தரை தொடுகிற மாதிரி தழையக் கட்டுவது, கையில் வாங்கியதை நான் கால் பெருவிரலால் அவர் கால் விரலில் அழுத்திச் சொல்வது.

வியாழக்கிழமை கிட்டங்கி வாசலில் போய் நின்றோம். முதலில் வந்தவர் முனியசாமி, இந்தப் பக்கத்தில் பெரிய வியாபாரி. ஹோட்டல்காரர் கை எதுக்கு என்று முகம் சுளித்தார், மொக்கச்சாமி கட்டுப்போட்ட கையைக் காட்டியதும் வேண்டாவெறுப்பாகத் துண்டுக்குள் கையை விட்டார். அவர் விரல் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் புரிந்தது, அந்தச் சந்தோஷத்தில் மொக்கச்சாமியின் காலை ஓங்கி மிதித்துவிட்டேன். நம் ஆட்கள் ஒருவர் மேல் கால் பட்டால் என்ன செய்வோம்? தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். பழகும்போதே இரண்டு தரம் அப்படிக் குனிந்து அவரிடம் திட்டு வாங்கியிருந்தேன். பழக்கம் புத்தி சொன்னால் கேட்கிறதா, சட்டென்று குனிந்து அவர் காலைத் தொட்டேன். துண்டு நழுவிக் கீழே விழுந்தது. முனியசாமியின் கை என் கையில் மூன்று விரலைப் பிடித்தபடி ஊரே பார்க்க அந்தரத்தில் நின்றது.

சிரித்தவர்கள் சிரித்தார்கள். முனியசாமி சிரிக்கவில்லை. யாவாரமா இது, கூத்தா, எம் வெலய நாலு பேரு பாக்க வச்சுட்டீரே, இனி உம்ம சரக்குப் பக்கமே வர மாட்டேன் என்று மொக்கச்சாமியைப் பார்த்துச் சொன்னார். மற்ற வியாபாரிகளும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்கள். மலையிலிருந்து வந்தவர்களில் இரண்டு பேர் எழுந்து தங்கள் மூட்டையைத் தூக்கப் போனார்கள். மொக்கச்சாமி கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. அவரை ஒண்ணும் சொல்லாதீங்கய்யா, அவர் கையில கொதிக்கிற ரசத்த ஊத்துனது நாந்தேன், எம் பொண்டாட்டி டம்ளர்ல குடுன்னு சொன்னது எங்காதுல விழுந்துச்சு, விழுந்தும் ஊத்திப்புட்டு, கேக்கலைன்னு பொய் சொன்னேன், அவர் மேலயே பழியும் போட்டேன், இப்ப துண்ட நழுவ விட்டதும் நாந்தேன், ரெண்டுக்கும் அவரு பொறுப்பில்ல என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். இத்தனை பேருக்கு முன்னால் என் குற்றத்தை நான் சொன்னது அதுதான் முதல் தரம்.

முனியசாமி என் பக்கம் திரும்பி, ஓய், இங்க கையில வாங்குன வெலயக் கடையில எலை போட்டுப் பரிமாற மாட்டீரே என்று கேட்டார். எங்கடை அடுப்பு மேல சத்தியம் என்றேன். அவர் குனிந்து துண்டை எடுத்து, மண்ணைத் தட்டி, என் கை மேல் போட்டு, மறுபடியும் விரலைப் பிடித்தார். இந்தத் தரம் விலையை மாற்றிச் சொன்னார், ஏறியதா இறங்கியதா என்று உனக்கும் எழுத மாட்டேன். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். மூட்டையைத் தூக்கப் போனவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள்.

அப்படி ஆறு வியாழக்கிழமை நின்றேன். ஊர் வம்பெல்லாம் வந்து கூடுகிற இடம் நம் கடை, நானோ சும்மா இருந்தால் நாக்கு அரிக்கிறவன். யார் என்ன விலை சொன்னார்கள் என்று தோசைக்கு நடுவே தூண்டில் போட்டுக் கேட்டவர்கள் எத்தனை பேர், உன் ஆத்தாவே ஒருநாள் கேட்டாள். ஒரு சொல் வெளியே வந்ததில்லை. இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன், நீ சிரித்தாலும் சரி. நான் வாசலில் நிற்கிற நாளெல்லாம் உன் ஆத்தா கடையைப் பார்த்துக்கொண்டாள். பொம்பளை பரிமாறினால் கூச்சமாக இருக்கிறது என்று முதல் வாரம் நாலு பேர் வரவில்லை, மூன்றாம் வாரம் அந்த நாலு பேரும் அவள் நிற்கிற நாளாகப் பார்த்து வந்தார்கள். அவள் ஒரு சட்டம் போட்டிருக்கிறாள், கையில் ரசம் ஊற்றுகிறவர் யாராக இருந்தாலும் முதலில் தன் உள்ளங்கையில் ஊற்றிக் குடிக்க வேண்டும், அப்புறம்தான் அடுத்தவர் கை. எனக்கும் அதே சட்டம்தான், முதலாளி என்று விலக்கு இல்லை. கட்டு அவிழ்ந்த பிறகு மொக்கச்சாமி கடைக்கு வந்து சாப்பிட்டார். நான் என் கையில் ஊற்றிக் குடித்துக் காட்டினேன், அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு நீட்டினார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவர் சுண்டு விரலும் மோதிர விரலும் இன்னும் முழுசாக மடங்கவில்லை. விரல் பேசுவதற்கு அது போதும் என்கிறார், எனக்குத்தான் பார்க்கும்போதெல்லாம் மனசு உறுத்துகிறது. என்ன செய்தாலும் கொஞ்சம் பாக்கி நின்றுவிடுகிறது, அதையும் பார்த்துக்கொண்டேதான் பிழைக்க வேண்டும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கையெழுத்துப் போடாதே. முதலாளி மேல் உனக்கு விசுவாசம் இருக்கட்டும், உப்பிட்டவரை மறக்கச் சொல்லவில்லை, ஆனால் நீ உன் கையால் சோறு போட்ட மனுஷனும் உன்னை நம்பித்தான் இலை முன்னால் உட்கார்ந்தார். முதலாளியிடம் சண்டை போடாமல், மரியாதையாக, நான் பார்த்ததைத்தான் எழுதுவேன் என்று சொல். மாசக் கடைசியில் மூட்டையைக் கட்டச் சொன்னால் கட்டு. ரயில் போடி வரைக்கும் வருகிறது, இங்கே அடுப்பும் இருக்கிறது, உன் ஆத்தா சட்டமும் இருக்கிறது. உன் கடிதத்தில் ஒரே ஒரு குறை. விழுந்தவர் எந்த ஊர், என்ன வயசு, எந்தக் கை முறிந்தது என்று எல்லாம் எழுதியிருக்கிறாய், அந்தக் கையால் அவர் என்ன வேலை செய்து பிழைக்கிறார் என்று எழுதவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போய் முதலில் அதைக் கேள். பழம் வாங்கிக்கொண்டு போகாதே.

மற்றபடி உன்னைப் பற்றி எங்களுக்கு ஒரு கவலையும் இல்லை. மெட்டில் இருக்கிற நம் சாமி உன்னைக் காப்பாற்றும், நீ நூறு வயசு நோய்நொடி இல்லாமல் வாழ்ந்து நாலு பேருக்குச் சோறு போட வேண்டும். பொங்கலன்று புது வேட்டி கட்டிக்கொள், ஆத்தா அனுப்பிய பொட்டலத்தில் இருக்கிறது. பதில் எழுத மறக்காதே, கார்டு போதும். உன் கடிதத்தை மொக்கச்சாமிக்கும் படித்துக் காட்டினேன், கோபித்துக்கொள்ளாதே. இந்தப் பய எத்தனை நாளா யோசிக்கிறான் என்று கேட்டார். நீ எழுதியிருந்தபடி பதினெட்டு நாள் என்றேன். நான் அன்றைக்குப் பொய் சொல்ல ஒரு விநாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை, அப்பு. நீ வேலை போகும் என்று தெரிந்தும் பதினெட்டு நாள் அந்தப் பேனாவைத் தொடாமல் இருந்திருக்கிறாய்.

உன் நலத்தையே நினைத்திருக்கும்
அப்பா
சோலை

ஆத்தா வேலுத்தாய் சொல்லி எழுதியது: அப்பு, அந்த ஆளுக்கு எழுத்துச் சோலியா இருந்தா, கை சேர்ற மட்டும் நீ போயி எழுதிக் குடு. உங்கையெழுத்து நல்லா இருக்கும்னு உங்கப்பா சொல்றாரு.